ஜன்னலைச் சாத்து

பாய்லர் ஆபரேட்டருக்குத் தங்கை என்றால் உயிர். ஆலைக்குக் கிழக்கே, ரயில் பாதையைத் தாண்டிய தெருவில் அவள் வாடகைக்குக் குடிவந்ததிலிருந்து அந்தப் பாசமெல்லாம் ஃபோன் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்து, காயப்போட்ட துணியை உள்ளே எடு, பாப்பாவை வெளியே விடாதே. அவ்வளவுதான் பேச்சு. நலமா என்றுகூடக் கேட்காமல் வைத்துவிடுவான்.

கொஞ்ச நேரத்தில், சொல்லிவைத்தாற்போல் கரும்புகை தெருவில் வந்து இறங்கும். தங்கை வீட்டு ஜன்னல் மூடுவதைப் பார்த்துப் பக்கத்து வீடு மூடும், அதைப் பார்த்து எதிர்வீடு மூடும். வானிலை அறிக்கை பொய்த்தாலும் இவள் அண்ணன் வாக்குப் பொய்க்காது என்று தெருவே மெச்சியது.

எப்படிப் பொய்க்கும்? புகையைத் திறந்துவிடுகிறவனே அவன்தானே.

ஆலைப் புகை வடிகட்டி வழியாகத்தான் வெளியே போக வேண்டும். ஆனால் வடிகட்டிப் பைகளில் கரி அடைத்துக்கொண்டால் பாய்லரை நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். நிறுத்தினால் சூப்பர்வைசருக்கு மேலிடத்து வசவு. அதனால் அங்கே ஒரு பழக்கம். கம்பத்தின் உச்சியில் கட்டிய துணிப்பை எந்தப் பக்கம் பறக்கிறதென்று பார்ப்பார்கள். காற்று மேற்கே, அதிகாரிகள் குடியிருப்புப் பக்கம் போனால் ஒருவரும் கைவைக்க மாட்டார்கள். கிழக்கே போனால் பைபாஸ் சக்கரத்தைத் திருப்பி, வடிகட்டியைத் தொடாமல் புகையை நேரே புகைபோக்கிக்கு விட்டுவிடுவார்கள். திருப்புவது ஆபரேட்டர் வேலை. வருஷக்கணக்காகத் திருப்பியிருக்கிறான். கிழக்கேயும் மனுஷர்கள் மூச்சு விடுகிறார்கள் என்பது தங்கை குடிபோன பிறகுதான் அவன் மண்டையில் ஏறியது. ஏறி என்ன பயன்? சக்கரத்தைத் தொடுமுன் ஃபோனைத் தொட்டான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதைதான்.

ஒரு விடுமுறை நாளில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தான். டீயை வாயில் வைக்குமுன் பக்கத்து வீட்டுத் தையல்காரி வந்து நின்றாள். அவள் தைப்பதெல்லாம் வெள்ளைச் சீருடை. கரி பட்டால் போச்சு.

"உங்க புண்ணியத்துல துணி தப்பிச்சுதுண்ணா. துணி கிடக்கட்டும், எங்க வீட்டுக்காரருக்கு இழுப்பு. நீங்க சொல்றதாலதான் நேரத்துக்கு அவரை உள்ளே கூட்டிட்டுப் போறேன். நீங்க நல்லா இருக்கணும்."

ஆபரேட்டருக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அவள் போகும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கை பாப்பாவை மடியில் போட்டு, மூச்சுக்கு மருந்து பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் விலாவெலும்பு ஏறி ஏறி இறங்கியது. தலை நிமிராமலே கேட்டாள். காற்று இந்தப் பக்கம் வந்தாலும் எல்லா நாளும் புகை வருவதில்லை, நீ ஃபோன் செய்கிற நாள்தான் வருகிறது, அது எப்படி என்றாள். திறந்துவிடும் முன்னால் மெஷினில் முள் காட்டும் என்று ஆரம்பித்தான். தங்கையிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் பாதியிலேயே சறுக்கியது.

"யாரு அண்ணா திறந்துவிடறது?"

"நான்தான்."

அவள் திட்டவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"உன்னாலதான் பொழச்சோம்னு தெரு பூரா பெருமையடிச்சிருக்கேன்" என்றாள். "இனிமே ஃபோன் பண்ணாதே. பண்ணினாலும் எடுக்க மாட்டேன், ஜன்னலையும் சாத்த மாட்டேன். சாத்தினா மட்டும் என்ன, இடுக்கு வழியா வரத்தான் செய்யுது."

கூனிக் குறுகி வெளியே வந்தான். தையல்காரி மெஷினை மிதித்தபடியே சிரித்துக் கையசைத்தாள். பதிலுக்குக் கையைத் தூக்க அவனால் முடியவில்லை. சக்கரத்தைத் திருப்பும் கை அல்லவா அது.

மறுநாளே துணிப்பை கிழக்கே பறந்தது. வடிகட்டி அடைத்துக்கொண்டு பாய்லர் முனகியது. திறந்துவிடச் சொன்னார் சூப்பர்வைசர். ஆபரேட்டர் ஃபோன் செய்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தான். மறுபடியும் ஓய்ந்தது. சக்கரத்தின்மேல் கையை வைத்தபடி நின்றான்.

"என்னப்பா, சாமி வந்த மாதிரி நிக்கிறே?"

"தங்கச்சி வீட்டு ஜன்னல் திறந்திருக்கு சார்."

சூப்பர்வைசர் கெட்ட மனுஷரில்லை. பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, ரகசியம்போலச் சொன்னார்.

"இதுக்கா இவ்வளவு யோசனை? வேற யார் மூலமாவது சொல்லி அனுப்பு. என் மாமியார் வீடும் அந்தப் பக்கம்தான். உன்கிட்ட திறக்கச் சொல்றதுக்கு முன்னாடியே நான் அவங்களுக்குச் சொல்லிடுவேன்."

ஆபரேட்டர் அவர் முகத்தைப் பார்த்தான். தன் முகத்தையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தது.

"தையல்காரம்மா நம்பர் என்கிட்ட இல்ல சார்" என்றான்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் சக்கரத்தை விட்டுவிட்டுச் சுவரோரம் போய், பாய்லரை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். இரைச்சல் மெல்ல அடங்கியது. சூப்பர்வைசர் தலையில் கைவைத்துக்கொண்டு மேலிடத்துக்கு ஃபோன் செய்ய ஓடினார்.

வேலை போகுமோ என்ற பயம்கூட அவனுக்கு அப்போது வரவில்லை. வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. அந்தப் பொத்தான் இத்தனை வருஷமும் அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.