கல் பாக்கலாம்

கல்யாணமாகி டெல்லிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஊருக்கே திரும்பிவிடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். அடிக்கிற புருஷன், குடிக்கிற புருஷன் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். பேசாத புருஷன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? கொடுத்து வைத்தவள் என்பார்கள்.

பெலிக்ஸ் ஜியாலஜிஸ்ட். மத்திய சர்க்கார் வேலை. லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் பத்து வருஷம் தனியாகவே இருந்து பழகியவர். காலையில் 'வாரேன்', சாயங்காலம் 'வந்துட்டேன்'. நடுவில் நான் ஏதாவது கேட்டால் அதற்கு ஒரு வார்த்தை, அதிலும் பாதி இந்தி. 'அச்சா' என்பார், 'ஜல்தி' என்பார். ஜன்னல் விளிம்பு நெடுக அவர் கொண்டுவந்த கற்கள் இருந்தன. லென்ஸை வைத்து அவற்றை அவர் பார்க்கிற பார்வையில் பாதி என் பக்கம் திரும்பினால் போதும், இந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாக இருந்திருப்பேன். ஒருநாள் ஆத்திரத்தில் அதில் ஒரு கல்லைத் தூக்கி அடுக்களையில் இஞ்சி தட்ட வைத்துக்கொண்டேன். அதற்காகவாவது சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். மனிதர் இஞ்சி டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார்.

பாளையங்கோட்டையில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் ஒரு மாச லீவு போட்டிருந்தேன். அதற்குள் திரும்பினால் வேலை இருக்கும், இல்லையென்றால் ராஜினாமா எழுதி அனுப்ப வேண்டும். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்.

"நான் ஊருக்குப் போறேன். மறுபடி வருவேனான்னு தெரியாது. டிக்கெட் எப்ப எடுப்பீய?"

அவர் ஒரு செருப்போடு நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கல் பாக்கலாம்" என்றார். உள்ளே போய்விட்டார்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. பெண்டாட்டி வீட்டைவிட்டுப் போகிறேன் என்கிறாள், இவருக்குக் கல் பார்க்கணுமாம்! பாத்திரங்களை நான் கழுவிய சத்தம் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குக் கேட்டிருக்கும். கழுவி முடிக்கும்போதுதான் வேறு யோசனை வந்தது. 'பாக்கலாம்' என்றாரே. இதுவரை அவர் என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை. மனிதருக்குக் கூப்பிடத் தெரிந்ததே அவ்வளவுதான் போலிருக்கிறது. சரி, போவதற்கு முன்னால் அந்தக் கல்லில் என்னதான் இருக்கிறதென்று பார்த்துவிட்டே போவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் எலுமிச்சம் சாதம் கிளறிக் கட்டினேன். வார்டில் போடுகிற வெள்ளைக் கேன்வாஸ் ஷூவைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கண் வீங்கியிருந்தது. என் ஷூவைப் பார்த்தார், சாப்பாட்டுப் பையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

சாலையைக் கடந்து, ஸ்டேஷனுக்குப் போகிற பஸ் நிற்கும் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன்.

"கல்லு இந்தப் பக்கமா இருக்கு?"

"எந்தக் கல்லு?"

"நேத்து நீங்கதான கல் பாக்கலாம்னு சொன்னீய? அதுக்குத்தான ஷூ மாட்டிட்டு வந்திருக்கேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டேஷன் பஸ் வந்தது. கண்டக்டர் கத்தினார். பஸ் போய்விட்டது.

"ஆமா" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "கல்லு. அது... அந்தப் பக்கம்." என் கையைப் பிடித்துச் சாலையைத் திரும்பக் கடக்க வைத்தார். அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. மறதிக்காரர் என்று நினைத்தேன்.

தௌலா குவானில் இறங்கி, ரிட்ஜ் என்கிற பாறை மேட்டுக்கு நடந்தோம். முள்மரம், மயில் கத்தும் சத்தம், நடுவில் செம்பழுப்பாகச் சாய்ந்து நிற்கும் பாறைகள். டெல்லி தட்டையான ஊர் என்று நினைத்திருந்த எனக்கு மூச்சு வாங்கியது. அங்கே போனதும் அவருக்கு வாய் வந்துவிட்டது.

"நீ இஞ்சி தட்டுதியே, அந்தக் கல்லுதான் இது பூராவும். குவார்ட்சைட். உடையாது, கரையாது."

"கவனிச்சீயளா?"

"வீட்டுல உள்ளதுலயே கெட்டிக் கல்லா பாத்து எடுத்திருந்த. சந்தோஷமா இருந்துச்சு."

அதை அன்றைக்கே சொன்னால் என்னவாம்? நான் முறைத்தேன். அவர் கவனிக்கவில்லை, கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த மேட்டுக்கும் அந்தப் பள்ளத்துக்கும் பெய்யுற மழை ஒண்ணுதான். காத்தும் ஒண்ணுதான். கெட்டிக் கல்லு அப்படியே நின்னுட்டு, அதான் மேடு. நடுவுல மெத்துனு ஒரு அடுக்கு இருந்துச்சு, அது கரைஞ்சு போச்சு, அதான் பள்ளம். கல்லு எந்தப் பக்கம் வெடிச்சிருக்கோ அந்தப் பக்கம்தான் ஓடையும் ஓடும். மேல நீ பாக்குறது எல்லாம் உள்ள இருக்கது போட்ட கோடுதான்."

"அப்ப நீங்க மேடு" என்றேன். "எவ்வளவு பெஞ்சாலும் அசையாம நிக்கீய."

அவர் குனிந்து, இரண்டு பாறை அடுக்குகளுக்கு நடுவே விரலை விட்டுச் சுரண்டினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. என் உள்ளங்கையில் வைத்தார். வெயிலில் மினுமினுத்தது.

"காக்காப்பொன்னு!" என்றேன்.

"எவ்வளவு பெரிய மேடா இருந்தாலும் உள்ள இதுவும் கொஞ்சம் இருக்கும்" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். "வெளிய தெரியாது."

இந்த மனிதர் எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான். அதை மறைக்க அவசரமாக நகர்ந்து ஒரு பாறையில் கையை ஊன்றினேன். கை அப்படியே நின்றுவிட்டது. பாறை முழுக்க வரிவரியாக இருந்தது. நான் உவரிக் கடற்கரையில் பிறந்தவள், அந்த வரி என் காலுக்கே தெரியும்.

"இது கடக்கரை மண்ணுல்லா? அலை போன பொறவு இப்படித்தான் கிடக்கும்."

அவரால் நம்ப முடியவில்லை. "மண்ணுதான். எந்தக் காலத்துக் கடலோ. மேல மேல பாரம் ஏறி இறுகிக் கல்லாயிட்டு. ஆனா அந்த அலை வரிஞ்சது மட்டும் போகல." அப்புறம் மெதுவாக, "ஒனக்குச் சொல்லாமலே தெரிஞ்சுட்டே, புஷ்பம்" என்றார்.

எலுமிச்சம் சாதத்தை அந்த வரிகளின் மேல் உட்கார்ந்து தின்றோம். திரும்பும்போது டிக்கெட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த வாரமே ராஜினாமாவைத் தபாலில் போட்டேன்.

சீக்கிரமே டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. முதல் நாள் ஆபரேஷன் வார்டில் போட்டார்கள். சிறுநீரகத்தில் கல்லோடு படுத்திருந்த ஒரு தாத்தா, ஆபரேஷன் எப்போது என்று இந்தியில் கேட்டார்; அந்த அளவுக்கு எனக்கு இந்தி பிடிபட்டிருந்தது. ஹெட் சிஸ்டர், "கல்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "சிஸ்டர், ஸ்டோன்னு அவருக்கே தெரியும். எப்போன்னு கேக்குறார்" என்று ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். பக்கத்தில் நின்ற கேரளத்து நர்ஸ் ட்ரேயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். இந்தியில் கல் என்றால் நாளைக்கு என்று அவள்தான் சொன்னாள்.

நான் சிரிக்கவில்லை. அந்த ஸ்டேஷன் பஸ், தேய்த்த சட்டை, வீங்கிய கண் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

சாயங்காலம் அவர் வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"அன்னைக்கு நீங்க சொன்னது நாளைக்குப் பாக்கலாம்னுதான? டிக்கெட் எடுக்கத்தான கிளம்புனீய?"

தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா."

"பொறவு ஏன் சொல்லல?"

"நீ ஷூ மாட்டிட்டு நின்ன" என்றார். "சோறு கட்டிட்டு நின்ன. கல்லு பாக்கணும்னு இதுவரைக்கும் எங்கூட யாரும் வந்ததில்ல, புஷ்பம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை அவர் பார்த்துவிடக் கூடாதென்று குரலை உயர்த்தினேன். "அதெல்லாம் இருக்கட்டும். ஊருக்கு டிக்கெட் எப்ப எடுப்பீய? அதைச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் கண் சிரித்தது, அப்புறம்தான் வாய்.

"கல் பாக்கலாம்."

நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து கேன்வாஸ் ஷூவைத் தேடினேன்.