ஞானபாய் கடையில் விலை இறங்கிய விதம்

கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, சாலைக் கம்போளம் என்கிற சந்தைக்குள் நுழையும் முதல் சந்தில் ஞானபாய் நடத்தும் பழைய ஃபோன் கடையில், ஃபோன்கள் அலமாரியில் இருப்பதில்லை; அந்தரத்தில் மிதக்கின்றன. விலை கூடியது மேலே மிதக்கும், குறைந்தது தாழ மிதக்கும், விலை போகாதது தரையில் கிடக்கும். முன்பு குடை மொத்த வியாபாரிகளின் கிடங்காக இருந்த இடம் அது. கூரை உயரம், ஓடு வேய்ந்தது. கடை திறந்த வருஷம் ஓணத்துக்கு முந்தைய வாரம், ஒருவர் பெட்டிகூடப் பிரிக்காமல் கொண்டுவந்து விற்ற புது ஃபோனை ஞானபாய் மேஜைமேல் வைத்தாள். அது எழும்பிப் போய் உத்திரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பெட்டியைப் பிரித்ததும் இரண்டு முழம் இறங்கியது. அவள் பாறசாலைக்காரி, அதிகம் ஆச்சரியப்படுகிற குடும்பமில்லை. மின்விசிறியில் அடிபட்டுவிடக் கூடாதென்று அன்றைக்கே ஆள் வைத்து விசிறியைக் கழற்றிவிட்டு, சுவரோடு ஒரு டேபிள் ஃபேன் வாங்கிப் போட்டாள்.

யார் வேண்டுமானாலும் ஸ்டூலில் ஏறி எந்த ஃபோனையும் எடுக்கலாம். ஆனால் எடுத்த உயரத்துக்கு உரிய விலையைத்தான் கொடுக்க வேண்டும். பொறுத்திருந்தால் அது தானாக இறங்கி வரும், ஆனால் அதற்குள் வேறொருவர் எடுத்துக்கொண்டு போய்விடலாம். விலையைக் குறைக்கக் கீழே இழுத்தால் வராது. கரமனையில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிற ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்; ஃபோன் அசையவில்லை, அவருக்குத் தோள் பிசகியது. அளவைத் துறையிலிருந்து ஒரு அதிகாரி டேப்போடு வந்து ஒரு பகல் முழுக்க அளந்தார். ஏமாற்று எதுவும் இல்லை என்று எழுதிவிட்டு, போகும்போது இடுப்பு உயரத்தில் இருந்த ஒன்றை மனைவிக்கு வாங்கிக்கொண்டு போனார். ஒரு வருஷத்துக்குள் நகரத்தில் பாதிப் பேருக்கு ஃபோன் இறங்குகிற சுபாவம் மனப்பாடமாகிவிட்டது. முதல் மூன்று மாதம் வேகமாக இறங்கும். ஒரு கம்பெனியின் ஃபோன்கள் மட்டும் பிடிவாதமாக மேலேயே நிற்கும், மற்றவை வருஷம் திரும்புவதற்குள் பாதி உயரத்துக்கு வந்துவிடும். அதே வரிசையில் புது மாடல் அறிவிக்கிற அன்றைக்கு பழையது ஒரே அடியாகக் கை நீளம் விழும். கண்ணாடி கீறினால் முழங்காலுக்கு வரும். கம்பெனி மென்பொருள் அனுப்புவதை நிறுத்திவிட்டால் தரையில் செருப்புபோலக் கிடக்கும், தாண்டித்தான் நடக்க வேண்டும். ஆகவே ஒரு வயசு முடிந்த நல்ல ஃபோனை, அடுத்த மாடல் அறிவித்த மறுநாள் வாங்குவதே புத்தி என்று ஆட்டோ ஓட்டுகிறவர்களும் சொல்லத் தொடங்கினார்கள். அறிவிப்பு நாட்களில் கடைக்குள் கூட்டம் நிரம்பி வழியும். எல்லோரும் கோயில் வெடிக்கட்டு வாணவேடிக்கை பார்க்க வந்தவர்களைப்போல அண்ணாந்து நிற்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் பத்மஜாவும் நின்றாள். கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் ராமசுப்ரமணியனின் ஒரே பெண். பிறவியிலேயே காது கேட்காது. தமிழும் மலையாளமும் பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் விளம்பரப் படங்களைத் திருத்துகிற வேலை. சங்குமுகம் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் காது கேளாத இளைஞர்கள் கூடுவார்கள். அங்கேதான் கைலாஷைப் பார்த்தாள். அவன் கல்லாற்றுக்காரன், அவனுக்கும் காது கேட்காது. பதினோரு வயதில்தான் பள்ளிக்குப் போனான் என்பதால் எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் கையால் அவன் பேசுவதைப் பார்க்கச் சுண்டல்காரன்கூட வண்டியை நிறுத்திவிடுவான். இப்போது மஸ்கட்டில் ஒரு பேக்கரியில் வேலை. இருவருக்கும் பேச்சு என்றால் வீடியோ கால்தான். பத்மஜாவின் பழைய ஃபோனோ, காமிரா மங்கி, படம் நடுநடுவே உறைந்து நின்றது. அதோடு, ஒரு கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டால் பேசுவதற்கு ஒரு கைதான் மிச்சம். அரை வாயால் பேசுகிற மாதிரி. ஆபீஸ் தோழிகளின் ஃபோனைக் கேட்டால் கொடுத்தார்கள், ஆனால் பக்கத்திலேயே நின்றார்கள்.

ஞானபாயின் கடையில் நீல நிறத்தில் ஒரு ஃபோன் இருந்தது. இருட்டிலும் விரல் விரலாகத் தெரிகிற காமிரா. பத்மஜா அதை முதலில் பார்த்தபோது ஜன்னல் விளிம்புக்கு மேலே இருந்தது. தினமும் சாயங்காலம் கழக்கூட்டம் பஸ்ஸிலிருந்து இறங்கி, அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அதே ஃபோனின்மேல் இன்னொருவனுக்கும் கண். வினய் என்ற அந்தப் பையனும் கழக்கூட்டத்தில்தான் வேலை, நெட்டையன், ஃபோன் இறங்குகிற வேகத்தைக் கம்ப்யூட்டரில் கோடு போட்டு வைத்திருந்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டு, அதன் அடியில் நின்றார்கள். ஓணத் தள்ளுபடி வந்தபோது அது ஒரு சாண் இறங்கியது, கடையே கைதட்டியது. கம்போளத்து ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வெங்காய மண்டிக்காரர்கள் பத்மஜா பக்கம், பாத்திரக் கடைக்காரர்கள் வினய் பக்கம். புது மாடலின் அறிவிப்பு செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி என்று செய்தி வந்ததும், அன்றைக்கு அது கைக்கு எட்டும், யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு என்று ஊரே தீர்மானித்துவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கு நாலைந்து நாள் முன்னால் பத்மஜாவின் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. ராமசுப்ரமணியன் இரண்டு வருஷமாகக் கைலாஷோடு அவள் கல்யாணத்துக்குச் சம்மதிக்காமல் இருந்தார். ஜாதி வேறு என்பதைப் பற்றி வாய் திறக்கமாட்டார். "ரெண்டு பேருக்கும் காது கேக்கலேன்னா, வாசல்ல யாராவது வந்து கூப்பிட்டா யார்டி போய்க் கதவைத் திறக்கறது?" என்பதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று காலையில் பால்காரர் வாசலில் கதவை இடித்து இடித்துப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பால் பாக்கெட்டை எறிந்தார். அது கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ராமசுப்ரமணியனின் மடியில் வந்து விழுந்தது. அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பால் பாக்கெட்டை அடுக்களையில் கொண்டுபோய் வைத்தார். பிறகு மகள் எதிரில் போய் உதடு தெளிவாகத் தெரியும்படி நின்று, "சரி, வரச்சொல்லு அவனை" என்றார்.

பத்மஜா மஸ்கட்டுக்குக் கூப்பிட்டாள். அவர்களுடைய கைப்பேச்சில் 'சம்மதித்தார்' என்பதும் 'மறுத்தார்' என்பதும் நெஞ்சிலிருந்து ஒரேமாதிரிதான் கிளம்பும். முடிகிற இடம்தான் வேறு. அப்பா என்று காட்டி, கை நெஞ்சிலிருந்து கிளம்பிய அந்தக் கணத்தில் படம் உறைந்தது. அவள் கண்ணில் நீர் வேறு நின்றது. கைலாஷ் அதற்கு மறுப்பு என்று பொருள் வைத்துக்கொண்டு ஃபோனை அணைத்தான். அப்புறம் அவளுடைய எந்த அழைப்பையும் எடுக்கவில்லை. எழுதி அனுப்பியவற்றைத் திறக்கவுமில்லை. செவ்வாய்க்கிழமை மாலை பத்மஜா கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, அவனுடைய அறைத்தோழன் பிரதீஷிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. இன்னும் மூன்று வருஷம் இங்கேயே வேலை என்று கைலாஷ் கையெழுத்துப் போடப்போகிறான், மேனேஜர் வந்து உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் எழுதியதை எல்லாம் நான் காட்டினேன், யார் வேண்டுமானாலும் டைப் பண்ணலாம் என்கிறான், முகத்தையும் கையையும் பார்த்தால்தான் நம்புவானாம், சீக்கிரம் கூப்பிடுங்கள் என்று அதில் இருந்தது. அவள் பழைய ஃபோனில் கூப்பிட்டாள். அங்கே ஒரு மங்கலான நெற்றி தெரிந்து, உறைந்து, மறைந்தது. பத்மஜா பஸ்களுக்கு நடுவே ரோட்டைக் கடந்து ஓடினாள்.

கடை அன்றைக்கு நிரம்பியிருந்தது. ராத்திரி அறிவிப்புக்கு இப்போதே இடம் பிடித்திருந்தார்கள், ஒருவர் டீயும் பழம்பொரியும் விற்றுக்கொண்டிருந்தார். நீல ஃபோன் வினயின் தலைக்குமேல் ஒரு முழ உயரத்தில் நின்றது. பத்மஜா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து ஸ்டூலை இழுத்தாள். ஞானபாய் அவள் கையைப் பிடித்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "இப்ப எடுக்காதே மக்களே. ராத்திரி ஒரு கை இறங்கும், இத்தன நாள் பொறுத்தாச்சுல்லா?" என்றாள். வெங்காய மண்டிக்காரர்களும் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள். பத்மஜா தன் ஃபோனில் பிரதீஷின் செய்தியைத் திறந்து ஞானபாயிடம் நீட்டினாள். ஞானபாய் அதை உரக்க வாசித்தாள். எல்லோரும் வினயைப் பார்த்தார்கள். கை நீட்டிக் கொஞ்சம் எம்பினால் ஃபோன் அவனுக்குத்தான். அவன் குனிந்து ஸ்டூல் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கேறு சேச்சி, வேகம்" என்று அவளைச் சீக்கிரம் ஏறச் சொன்னான்.

அவள் ஏறி நின்றபோது ஃபோன் அவள் முகத்துக்கு நேரே, ஒரு முழம் தள்ளி நின்றது. ஞானபாய் தன் ஃபோனின் இன்டர்நெட்டை அதற்குத் திறந்துவிட்டாள். பத்மஜா பிரதீஷின் எண்ணைத் தட்டினாள். பிரதீஷின் முகம் வந்து விலகி, அந்த இடத்துக்கு மாவு படிந்த தலையோடு கைலாஷ் வந்தான். அவன் கையில் பேனா இருந்தது. ஃபோனை யாரும் பிடிக்கவில்லை, அதுவே அசையாமல் நின்றது. அவளுடைய இரண்டு கைகளும் காலியாக இருந்தன. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஃபோனில் அவனோடு முழுசாகப் பேசினாள். அப்பா என்று காட்டினாள். நெஞ்சிலிருந்து கிளம்பிய கை போய்ச் சேர வேண்டிய இடம்வரை போய்ச் சேர்ந்து, அங்கேயே நின்றது. பிறகு பால் பாக்கெட் பறந்து வந்ததையும், அது மடியில் விழுந்ததையும், அப்பா முழித்த முழியையும் அப்படியே செய்து காட்டினாள். கைப்பேச்சு தெரியாத கம்போளத்துக்காரர்களுக்கும் பால் பாக்கெட் விளங்கிவிட்டது, சிரித்தார்கள். அப்புறம் அவள் கோபப்பட்டாள். கைகள் காற்றை வெட்டிய வேகத்தில் பக்கத்தில் மிதந்த இரண்டு ஃபோன்கள் விலகிப் போயின. என்னைக் கேட்காமல் எப்படி முடிவு செய்வாய் என்று கேட்கிறாள் என்பது ஸ்டூலைப் பிடித்திருந்த வினய்க்குக்கூடப் புரிந்தது, அவன் தானே திட்டு வாங்குகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டான். திரையில் கைலாஷ் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் பதில் சொன்னான். சொல்லிக்கொண்டே அழுதான். கன்னத்து மாவில் கோடு விழுந்தது அத்தனை தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் பேனாவை எடுத்து, ஓரத்தில் நின்ற மேனேஜரின் சட்டைப் பையில் போட்டான்.

அவள் கீழே இறங்கியதும் ஞானபாய், "என்ன சொல்லுதான்?" என்று கேட்டாள். பத்மஜா தன் பழைய ஃபோனில் டைப் பண்ணிக் காட்டினாள்: டிக்கெட் பார்க்கிறான், அடுத்த மாதம். வெங்காய மண்டியும் பாத்திரக் கடையும் கட்டிப்பிடித்துக்கொண்டன. பழம்பொரி விற்றவர் மிச்சத்தை எல்லோருக்கும் சும்மா கொடுத்தார். சரி, இனி ராத்திரிவரை காத்திருந்து குறைந்த விலைக்கே எடுத்துக்கொள் என்று ஞானபாய் சொன்னாள், வினயும் அப்படியே சொன்னான். பத்மஜா தலையசைத்து மறுத்துவிட்டு, மறுபடி ஸ்டூலில் ஏறி, அது இருந்த உயரத்திலேயே எடுத்து, அந்த உயரத்துக்கான விலையைக் கொடுத்தாள். அவளுக்கு அன்றைக்குத்தான் அது தேவையாக இருந்தது. ராத்திரி அறிவிப்பு வந்தபோது கடையில் மிச்சமிருந்த அதே மாடல்கள் எல்லாம் பொதுக்கென்று கை நீளம் விழுந்தன. வினய் ஒரு கறுப்பு நிறத்ததை எடுத்துக்கொண்டான், அவனுக்கு ரொம்ப சந்தோஷம்.

விற்ற ஃபோன்கள் கடை வாசலைத் தாண்டினால் மிதப்பதில்லை. பத்மஜாவுடையது மட்டும், வீட்டுக்குப் போய் அவள் கையை விட்டதும், கூடத்தின் நடுவில் அவள் முகத்துக்கு நேராக நின்றுகொண்டது. ராமசுப்ரமணியன் அதைச் சுற்றி நடந்து பார்த்தார். "இதென்ன, அந்தரத்துல நிக்கறது? சார்ஜ் எப்படிப் போடறது?" என்றார். மறுநாளே எலக்ட்ரீஷியன் இசக்கியைக் கூப்பிட்டு, உத்திரத்திலிருந்து நீள ஒயராக ஒன்று தொங்கவிடச் செய்தார். கைலாஷ் சொன்னபடி வந்தான், கல்யாணம் நடந்தது, மணக்காட்டில் சின்னதாக ஒரு பேக்கரி போட்டான். வாசலில் யாராவது மணியடித்தால் கூடத்தில் விளக்கு எரிகிற மாதிரியும் இசக்கி செய்து கொடுத்தான். அது ராமசுப்ரமணியனுக்கும் உபயோகமாக இருந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் நாலு புது மாடல் வந்தது. கம்பெனி மென்பொருள் அனுப்புவதை நிறுத்தியது. ஞானபாயின் கடையில் அதே மாடல்கள் தரையில் கிடந்தன. கொஞ்சத்தை ஒருவர் எடைக்கு எடுத்துக்கொண்டு போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானபாய் கோயிலில் ஆராதனை முடிந்து நேரே அக்ரகாரத்துக்கு வந்து, கூடத்தில் நின்று அதை அளந்து பார்த்தாள். அரை விரல்கூட இறங்கவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

கைலாஷும் பத்மஜாவும் பைக்குள் வைத்துக்கொள்ள வேறு ஃபோன்கள் வாங்கிக்கொண்டார்கள். எல்லோரையும்போல ஒரு வயசு ஆனதாகப் பார்த்து, அறிவிப்புக்கு மறுநாள் போய் வாங்கினார்கள். கூடத்து ஃபோனில் கல்லாற்றிலிருந்து அவன் வீட்டார் கூப்பிடும்போது, ராமசுப்ரமணியனும் அதன் எதிரில் நின்று இரண்டு கையாலும் சௌக்கியம் விசாரிக்கப் பழகிவிட்டார். குளிக்கப் போகும்போது அதில் இடிக்காமல் குனிந்து போவார். சரஸ்வதி பூஜையன்று புஸ்தகங்களுக்கும் அரிவாள்மணைக்கும் சந்தனம் வைத்த கையோடு, சுற்றிப் போய் அதன் பின்பக்கத்திலும் ஒரு பொட்டு வைக்கிறார், காமிராவில் படாமல்.