கையால் பிடிச்ச வரால்

என் பொஞ்சாதி சென்னம்மா எங்கிட்டப் பேசி அன்னிக்கோட பதினோரு நாள் ஆச்சுங்க. பதினோரு நாள்! சேலம் ஏற்காடு பஸ்ஸுல கண்டக்டரா நாள் முழுக்க ஊர்ச் சனத்தோட சத்தம் போட்டுட்டு ஊட்டுக்குப் போனா, அங்க தட்டு வைக்கிற சத்தம் மட்டுந்தான் கேக்கும். சோறு உண்டு, குழம்பு உண்டு, பேச்சு இல்ல. திட்டினாக்கூடத் தாங்கிக்குவேன். திட்டறதுக்கும் அவ "ஏனுங்க"ன்னுதான் ஆரம்பிப்பா.

தப்பு எம்மேலதான், இல்லைங்கல. எங்க வண்டி மத்தியானம் மூணே முக்காலுக்கு ஏற்காடு ஏரிக்கரையில போயி நிக்கும். நாலரைக்குத்தான் திரும்பக் கிளம்பும். அந்த முக்கா மணி நேரத்துல டிரைவர் மாதேஸ்வரன் கரையில உக்காந்து தூண்டில் போடுவாரு, நான் டீ குடிப்பேன். ஒரு நாளு ரெண்டு ஜிலேபிக் கெண்டைய எங்கையில குடுத்தாரு. ஊட்டுக்குக் கொண்டு போனா, "நீங்க பிடிச்சதுங்களா?"ன்னு கண்ணை அகலமா விரிச்சுக் கேட்டா சென்னம்மா. அந்தக் கண்ணைப் பாத்து இல்லைன்னு எப்படிச் சொல்றது? "உம்"முனு சொல்லிப்போட்டேன். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை "உம்"முனு சொல்ல வேண்டியதாப் போச்சு.

இவ அதைச் சும்மா வெச்சுக்கிட்டாளா? அடிவாரத்துல எங்க ஊடும் டிரைவர் ஊடும் ஒரே தெரு, ஒரே குழாய். அங்க போயி எங்கூட்டுக்காரரு அப்படி, எங்கூட்டுக்காரரு இப்படின்னு அளந்திருக்கா. டிரைவர் சம்சாரம் கண்ணம்மா, "அடி போடி, அதெல்லாம் எங்கூட்டுக்காரரு பாவம் பாத்துக் குடுத்தது. உம்புருசனுக்குப் புழு கோக்கத் தெரியுமான்னு கேளு"ன்னு பத்துப் பொம்பளைங்க முன்னால போட்டு ஒடைச்சிருச்சு. சென்னம்மா தண்ணி பிடிக்காமயே ஊட்டுக்கு வந்தா. "உங்க கையால பிடிச்ச மீனு இந்த ஊட்டுக்கு வரட்டும். அதுவரைக்கும் எங்கிட்டப் பேசாதீங்க"ன்னா. அவ்வளவுதான், வாயைப் பூட்டிக்கிட்டா.

மாதேஸ்வரன்கிட்டக் கத்துக்கலாம்னா, "எனக்கும் பேச ஒரு பொஞ்சாதி வேணும்ல?"ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. வம்பே வேண்டாம்னு அவரு தூண்டிலையும் ஊட்டுலயே போட்டுட்டு, சீட்டுலயே சாஞ்சு தூங்க ஆரம்பிச்சுட்டாரு. நான் எதிர்த்தாப்புல இருக்கற ஜாபர் அலி கடைக்குப் போனேன். சோப்பு, பன், தூண்டில் முள்ளு எல்லாம் அங்க கிடைக்கும்.

"பாய், மீன் பிடிக்கணும்."

"என்ன மீனுங்க?"

"எந்தக் கழுதையா இருந்தாலும் சரி."

முள்ளு, நைலான் நரம்பு, ஒரு தக்கை, துண்டு ஈயம், எல்லாத்தையும் பொட்டலம் கட்டிக் குடுத்தாரு பாயி.

மொத நாளு வீசினேன். முள்ளு பின்னாடி நின்ன சில்வர் ஓக் மரத்துல மாட்டிக்கிச்சு. ரெண்டாம் நாளு நரம்பு சிக்கலாயி, முக்கா மணி நேரமும் அதைப் பிரிக்கறதுலயே போச்சு. மூணாம் நாளு முள்ளு என் காக்கி பேண்ட்டுக்குப் பின்னால ஏறிக்கிச்சு. கொய்யாக் கூடைக்காரி குப்பாயி, "திரும்பி நில்லுங்க சாமி, வெக்கப்பட்டா ஆகுமா?"ன்னு பஸ்ஸே பாக்கப் புடுங்கி எடுத்துச்சு. அதுக்கப்புறம் முள்ளு ஒழுங்காத் தண்ணியில விழுந்துச்சு. ஆனா புழுவை மட்டும் நைசாத் தின்னுட்டு மீனு போயிரும். ஏற்காட்டு மீனுக்கெல்லாம் நாந்தான் தினம் மத்தியானச் சாப்பாடு போட்டேன்.

இதுல சனங்க வேற. பஸ் ஜன்னல்ல தலையை நீட்டிக்கிட்டு ஒருத்தன் "தூக்குங்க கண்டக்டரே!"ங்கறான், இன்னொருத்தன் "தூக்கிராதீங்க!"ங்கறான். வாழ்க்கையில மீனைத் தட்டுல மட்டும் பாத்தவனெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இருந்தாலும் ஒண்ணு ரெண்டு விசயம் மண்டையில ஏறுச்சுங்க. நிழல் தண்ணியில விழக் கூடாது. தக்கை சும்மா துள்ளினா இழுக்கக் கூடாது. அது முழுசா முங்கினதும் நாம ஒரு மூச்சு விட்டப்புறந்தான் வெட்டி இழுக்கணும். இதுல மூச்சு விடறதுதான் எனக்கு வரவே இல்ல.

பதினோராம் நாளு ஜாபர் அலியே ஒரு சின்னத் தவளையப் பிடிச்சு வெச்சிருந்தாரு. "கரையோரம் செடி அண்டையில வரால் படுத்திருக்குதுங்க. இதைப் போட்டுட்டுக் கம்முனு நில்லுங்க"ன்னாரு. போட்டேன். கம்முனு நின்னேன். மணி நாலே கால் தாண்டிருச்சு, சனமெல்லாம் ஏறி உக்காந்தாச்சு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு திரும்பறப்பத் தக்கை "டபுக்"குனு முங்குச்சு. ஒரு மூச்சு விட்டேன், சத்தியமா விட்டேனுங்க. வெட்டி இழுத்தா, அக்கட்டயிருந்து எவனோ என்னையத் தண்ணிக்குள்ள இழுக்கறாப்புல இழுக்குது!

இங்கதான் கெரகம் பிடிச்சது. என் வாயில எப்பவும் விசில் இருக்கும். பதிமூணு வருசப் பழக்கம். எங்க வண்டியில ஒரு விசிலுன்னா நிறுத்து, ரெண்டு விசிலுன்னா போ. மீனு இழுத்த இழுப்புல "அய்யோ, அம்மா"ன்னு கத்தறேன், அது ரெண்டு விசிலா வெளிய வருது. மாதேஸ்வரன் தூக்கத்துலயும் ரெண்டு விசிலுக்கு ஆக்சிலேட்டர்ல கால் வெக்கிற மனுசன். நான் பின்படியில ஏறிட்டேன்னு நெனைச்சு வண்டியைக் கிளப்பிட்டாரு.

நிறுத்தறதுக்கு ஒரு விசில் அடிச்சேன். அதே நேரத்துல மீனு இன்னொரு இழுப்பு இழுத்துச்சு. ரெண்டாவது விசில் தானா வந்துருச்சு. வண்டி இன்னும் வேகமாப் போச்சு.

நரம்பை விட்டுட்டு ஓடியிருந்தா வண்டியப் பிடிச்சிருக்கலாம். மனசு சொல்லுச்சு, பொன்னுவேலு, வேலை போயிரும்டான்னு. ஆனா பதினோரு நாளுங்க! வண்டி போனாப் போகுதுன்னு முட்டி அளவு தண்ணியில எறங்கிட்டேன். நரம்பு உள்ளங்கைய அறுக்குது, நான் விடல. இழுத்துக் கரையில போட்டுப் பாத்தா, வரால்! ஒடம்புல பட்டை பட்டையா கறுப்பு, என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் இருக்குது. நொம்ப சந்தோசத்துல ஜாபர் அலியக் கட்டிப்பிடிச்சுட்டேன். அவரு, "ஏனுங்க, பஸ்ஸு எங்க?"ன்னாரு.

பாயோட லூனா மொபெட்டுல பின்னால உக்காந்தேன். ஒரு கையில வரால், இன்னொரு கை டிக்கெட் பையில. இருபது கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கை நம்பாமப் பிஸ்மில்லாவை நம்பியே எறக்கினாரு மனுசன். அடிவாரத்துல பாத்தா எங்க வண்டி ஓரமா நிக்குது. செக்கர் அங்கப்பன் படியில நிக்கறாரு. நாப்பத்திரண்டு பேரு, ஒருத்தர்கிட்டயும் டிக்கெட் இல்ல. கண்டக்டரும் இல்ல.

"கிளம்பறப்பவே கத்தினோம் சாமி, டிரைவரு காதுல மூணு வளைவு தாண்டித்தான் விழுந்துச்சு. மலைப்பாதையில எப்படிங்க திருப்பறது?"ன்னு குப்பாயி சொல்லிக்கிட்டிருக்குது. அங்கப்பன் என்னையப் பாத்தாரு. அப்புறம் மீனைப் பாத்தாரு.

"என்னய்யா இது?"

"வராலுங்க."

"அது தெரியுதுய்யா!"ன்னு கத்திட்டு மெமோ புக்கை எடுத்தாரு. மூணு நாள் சஸ்பெண்டுன்னாரு. மீனை பஸ் முதலாளிகிட்டச் சாட்சிக்குக் காட்டணும்னு வாங்கித் தன் பையில போட்டுக்கிட்டாரு. முதலாளி சுத்த சைவம். சாட்சி எங்க போயிக் கொதிச்சிருக்கும்னு எனக்குத் தெரியாதுங்களா?

எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. வேலைக்காக இல்லீங்க. வெறுங்கையோட போயி நான் பிடிச்சேன்னு சொன்னா, ஏற்கெனவே "உம்"முனு சொன்னவனை எவ நம்புவா? அப்பத்தான் அவரு எழுதறதை எட்டிப் பாத்தேன்.

"ஏனுங்க, 'பணி நேரத்தில் தூண்டில் போட்டதால்'னு எழுதறீங்களே, மீனு பிடிச்சேன்ல? அதைப் போடுங்க."

அவரு பேனாவை நிறுத்திட்டு என்னைய ஒரு மாதிரிப் பாத்தாரு. "பிடிச்சேன்னு போட்டா உனக்குத்தான்யா கேடு."

"பரவால்லீங்க. வரால்னு போடுங்க. என் கையால பிடிச்சேன்னும் போடுங்க."

"எனக்கென்னய்யா தெரியும், கையால பிடிச்சியா கடையில வாங்கினியான்னு?"

"நான் பாத்தேன்!"ன்னாரு ஜாபர் அலி. "நாங்களும் பாத்தோம், கிளம்பறப்ப இழுத்துக்கிட்டுத்தான் இருந்தாரு!"ன்னு பஸ்ஸே கத்துச்சு. என்னைய ஏழு நாளாக் கேலி பேசின சனங்க அது. அங்கப்பனுக்குத் தலை சுத்திப் போயி, கேட்டபடி எழுதிட்டாரு. சாட்சிக் கையெழுத்துக்கு டிரைவரைக் கூப்பிட்டாரு.

மாதேஸ்வரன் பேனாவை வாங்கிட்டு எங்கிட்டக் குனிஞ்சு, "பொன்னுவேலு, கண்ணம்மா பாத்தா என் கதி என்னாகும்?"னாரு. "சீக்கிரம் போடுய்யா!"ன்னு அங்கப்பன் அதட்டினாரு. போட்டுட்டாரு.

பொழுது எறங்கறப்ப ஊட்டுக்குள்ள போனேன். சென்னம்மா என் ரெண்டு கையையும் பாத்தா. மீனு இல்ல. உள்ள போயித் தட்டை எடுத்து வெச்சா. நான் அந்தத் தட்டுல மெமோவை விரிச்சு வெச்சேன். அவ எட்டாவது வரைக்கும் படிச்சவ. வாய் முணுமுணுக்கப் படிச்சா. "நடத்துனர் பொன்னுவேல் ஆகிய நீர், பணி நேரத்தில் உம் சொந்தக் கையால் ஒரு வரால் மீனைப் பிடித்த காரணத்தினால்…" அடியில இருந்த சாட்சிக் கையெழுத்துக்கு வந்ததும் வாய் நின்னுச்சு. விளக்குக்கிட்டக் கொண்டு போயித் திரும்பப் பாத்தா.

"ஏனுங்க"ன்னா.

எனக்கு அழுகையே வந்துருச்சுங்க.

"ஏனுங்க, இதுல நீளம் போடலையே?"

முழங்கையைக் காட்டினேன். நரம்பு அறுத்த உள்ளங்கையப் பாத்துட்டு, "அட, இவ்வளவு ரத்தங்களா!"ன்னு மஞ்சத்தூளை வெச்சு அழுத்திக் கட்டினா. கட்டிட்டு, நெறஞ்சு இருந்த குடத்தைத் தூக்கிட்டுப் போயி வாசல்ல கொட்டினா. வெறுங்குடத்தை இடுப்புல வெச்சு, மெமோவைக் கையில பிடிச்சுக்கிட்டுக் குழாயடிக்குக் கிளம்பிட்டா.

பதினோரு நாளாக் கேக்காத குரலு, தெரு முழுக்கக் கேட்டுச்சு. மொத வரியிலிருந்து சத்தமாப் படிச்சா. கடைசியில கையெழுத்துப் போட்டவரு பேரை மட்டும் ரெண்டு தடவை படிச்சா.