வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முகம்

"கண்ணை இறுக்கி மூடு!"

சுல்பிகா தங்கச்சியின் தலையை பேசினுக்குள் அமுக்கி, பைப்பை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் கன்னத்தில் பட்டதும் ஜுனைதா துள்ளினாள்.

"எரியிது ராத்தா!"

"எரியட்டும். என்னத்தப் பூசின? சொல்லு."



நிமிர்த்திப் பார்த்தாள். அவித்த இறால் நிறத்தில் இரண்டு கன்னங்கள். நெற்றியில் தோல் உரிந்துகொண்டிருந்தது. இன்று செவ்வாய். வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு நிக்காஹ். எழுநூறு பேருக்குச் சொல்லியாயிற்று.

உம்மா முனவ்வறா கிண்ணத்தோடு ஓடி வந்தார். "கஸ்தூரி மஞ்சளும் தயிரும். இதப் பூசினா..."

"உம்மா! அதக் கொண்டுபோய் மீனுக்குத் தடவுங்க!"

ஒரு மாதமாக இதே கூத்து. கல்யாணப் பெண்ணின் முகம் வேலி போடாத வளவு மாதிரி. வந்தவளெல்லாம் எதையாவது பூசிவிட்டுப் போனாள். சாச்சி அரிசி கழுவிய தண்ணீர். மாமி சந்தனம். கட்டாரிலிருந்து மச்சி அனுப்பிய சவர்க்காரம். ஆனால் அதில் எதுவும் தோலை உரிக்காது. இது வேறு.

முனவ்வறாவின் சந்தேகம் ஒரே ஆளில் போய் நின்றது. பாண்டிருப்பிலிருந்து வரும் மணப்பெண் அலங்காரக்காரி துஷாந்தினி. அவள் பையோடு படியேறியதும் தொடங்கிவிட்டார்.

"எல்லாம் உங்கட வேல!"

"அன்ரி, நான் இந்த முகத்தில கை வெச்சே ரெண்டு கிழமை. அதுவும் கடலைமா." துஷாந்தினி ஜுனைதாவின் தாடையைத் திருப்பிப் பார்த்தாள். "இது களவாப் பூசின கிறீம். டொக்டரிட்டக் காட்டோணும். அவர் முதல்ல கேக்கிறதே என்ன பூசினதெண்டுதான். அது தெரியாம நான் பவுடர்கூடப் போடமாட்டன்."

"வாயத் திறவன் புள்ள!" என்று முனவ்வறா கத்தினார்.

ஜுனைதா சுவரைப் பார்த்தாள்.

சுல்பிகாவுக்குப் பொறுமை போயிற்று. அறைக்குள் புகுந்தாள். அலுமாரி. கைப்பை. தலையணை உறை. தையல் மெஷின் லாச்சியை இழுத்ததும் நூல்கண்டுகளுக்கு அடியில் உருண்டு வந்தது அது. வெள்ளை டப்பா. லேபல் இல்லை.

கதவைச் சாத்தினாள்.

"ஆர் தந்த?"

ஜுனைதா அவள் கையைப் பிடித்தாள். "உம்மாக்குச் சொல்லாத ராத்தா. மாப்புள. அவர்ட தங்கச்சியிட்டக் குடுத்து அனுப்பின."

"றுஷ்தியா?"

"ஓம். நான் கறுப்பெண்டு அவருக்கு வெக்கம் போல." கண்ணீர் பட்டு மறுபடி எரிந்தது. முகத்தைப் பொத்தினாள். "எனக்கு இந்தக் கலியாணம் வேணா. வாப்பாட்டச் சொல்லு."

சுல்பிகாவின் காது சூடேறியது. வாப்பாவிடம் சொன்னால் எழுநூறு பேருக்கும் திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நிறம் பார்க்கிறவனுக்குத் தங்கச்சியைக் கொடுக்க வேண்டும்.

கேற்றடியில் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்தது.

யன்னலால் எட்டிப் பார்த்தாள். அவனேதான். ஒலுவில் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவன், எண்ணெய்க் கறை உடுப்போடு. ஹெல்மெட்டின் கண்ணாடிகூட இறக்கியபடி.

டப்பாவைக் கையில் பிடித்தபடி சுல்பிகா கேற்றுக்குப் பாய்ந்தாள். பின்னால் யன்னல் திரை அசைந்தது.

"ராத்தா, ஜுனைதா மூணு நாளா போன் எடுக்கிறா இல்ல. அந்தக் கிறீமைப் பூச வேணாமெண்டு சொல்லுங்க."

"இப்பதான் புத்தி வந்ததா? கறுப்பெண்டா பொண்ணு பார்க்க வந்த அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!"

"கறுப்பா? அவவா?"

"முதல்ல ஹெல்மெட்டக் கழட்டுங்க. மூத்தவளோட கதைக்கிற மரியாதையா இது?"

அவன் தயங்கினான். தெருவை இருபக்கமும் பார்த்தான். மெதுவாகக் கழற்றினான்.

அவித்த இறால் நிறத்தில் இரண்டு கன்னங்கள். மூக்கு நுனியில் தோல் உரிந்து தொங்கியது.

"போட்டோவில அவட பக்கத்தில நான் கரிச்சட்டி மாதிரி நிப்பனே எண்டு..." அவன் தலை குனிந்தது. "எனக்குத்தான் வாங்கினன் ராத்தா. ஒண்டு எடுத்தா ஒண்டு சும்மா எண்டாங்க."