சேற்றுக்கு வைத்த சிவப்புப் பொட்டு

எங்கள் விரிகுடாவில் ஒருத்தன் உயில் எழுதினால் மை காய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஒருத்தி புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினால், அவள் போய்ச் சேருவதற்கு முன்பே அக்கா வீட்டில் எல்லாம் தெரியும். யார் எங்கே மீன் பிடிக்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது. கேட்டால் பதில் வரும், நல்ல மரியாதையான பதில், டீயும் கேக்கும் வைத்துச் சொல்லப்படும் பதில். அத்தனையும் பச்சைப் பொய். கேட்டவனுக்கும் அது பொய் என்று தெரியும், அவனும் தலையாட்டிவிட்டுத் தன் பங்குக்கு ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போவான். கனடாவின் கிழக்கோரத்தில், நியூஃபவுண்ட்லாந்தின் இந்த மூலையில் நாங்கள் இப்படித்தான் கௌரவமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் தலைநகரிலிருந்து கடலைத் திட்டமிட ஆள் வந்தார்கள்.

கடலைத்தான். நகரத்தில் இது வீடு, இது கடை, இது பள்ளிக்கூடம் என்று கோடு போடுவதுபோல, கடலிலும் இது மீன்பிடிப்பு, இது மீன் வளர்ப்பு, இது பறவைகளுக்கு என்று பிரிக்கப் போகிறார்களாம். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் கிடையாது. ஒரு காலத்தில் ஒரு திட்டமும் அளவும் இல்லாமல் காட் மீனைத் துடைத்து எடுத்துத் தின்று தீர்த்து, கடைசியில் அரசாங்கமே தடை போட்டு, ஊரில் பாதிப் பேர் பிழைப்புக்கு மேற்கே ஆல்பெர்டாவின் எண்ணெய் வயல்களுக்கு ஓடினார்கள். என் மகள் கொரீனும் போனவள்தான். இப்போதுதான் மீன் கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

கூட்டம் தேவாலயத்துக் கூடத்தில். எங்கள் லிட்டில் கம்ஃபர்ட் ஆட்கள் ஒரு பக்கம், எதிர்க்கரை டோரி கோவ் ஆட்கள் மறுபக்கம். இரண்டு ஊரையும் ஒரே கூரைக்கு அடியில் உட்கார வைத்ததிலேயே அந்தத் திட்டத்தின் லட்சணம் தெரிந்திருக்க வேண்டும். திட்ட அலுவலர் பெயர் அலிஸ்டர். தங்கமான பையன், அழுக்கே படாத ரப்பர் பூட்ஸ். பங்குதாரர்கள் எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்றார். யாரப்பா அந்தப் பங்குதாரர்கள் என்று கேட்டேன். மீனவர்கள், சால்மன் வளர்க்கும் கம்பெனி, திமிங்கலம் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்கள், பறவை எண்ணுகிறவர்கள் என்று அடுக்கினார். மீன் அதில் சேர்த்தி இல்லையா என்றேன். நல்ல கேள்வி என்று சொல்லிக் குறித்துக்கொண்டார்.

பிறகு சுவர் அளவுக்கு ஒரு வரைபடத்தை விரித்து, ஆளுக்கு ஒரு தாள் நிறையச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு கொடுத்து, நீங்கள் மீன் பிடிக்கும் இடத்திலெல்லாம் ஒட்டுங்கள் என்றாரே பார்க்கலாம். உங்கள் அனுபவ அறிவுக்கு நாங்கள் தலைவணங்குகிறோம் என்று வேறு சொன்னார். டோரி கோவ் ஹெட்லி முன் வரிசையில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, என் அப்பா எனக்குக் காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போன கெண்டிப் பாரில் நான் பொட்டு வைப்பேனா? பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு. மேலே ஒன்றும் தெரியாது, கீழே காட் மீன் கூட்டம் கூட்டமாக நிற்கும். நான் எழுந்து போய், ஒரு நண்டுகூட எட்டிப் பார்க்காத வடக்குச் சேற்றில் அத்தனை பொட்டையும் ஒட்டிவிட்டு வந்தேன்.

எனக்குப் பின்னால் வந்தவர்களும் அங்கேதான் ஒட்டினார்கள். ஹெட்லியும் அங்கேதான். கூட்டம் முடியும்போது அந்தச் சேறு அம்மை போட்ட முகம் மாதிரி சிவந்து கிடந்தது. என் ஆயுசில் நான் அங்கே ஒரு தூண்டிலைக்கூட நனைத்ததில்லை, இன்னொரு படகைப் பார்த்ததும் இல்லை. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம். அலிஸ்டருக்கு மட்டும் கண் கலங்காத குறை. இவ்வளவு ஒற்றுமையான ஊர்களை நான் பார்த்ததே இல்லை என்றார்.

அதற்கு அடுத்த வசந்தத்தில் கொரீன் ஆல்பெர்டா வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். உன்னோடு சேர்ந்து மீன் பிடிக்கிறேன், ஒத்து வந்தால் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் அப்பா செத்துப்போன பிறகு அந்தப் படகில் நான் என்னோடேயே பேசிப் பேசிப் பைத்தியம் பிடிக்க இருந்தேன். பார் இருக்கும்வரை மீன் இருக்கும், மீன் இருக்கும்வரை மகள் இருப்பாள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஆனால் பார் எங்கே இருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை. பெற்ற மகளாச்சே என்கிறீர்களா? பெற்ற மகள்தான். அவளுக்கும் வாய் இருக்கிறது, சிநேகிதிகள் இருக்கிறார்கள். ஜி.பி.எஸ். திரை மேல் சமையல் துணியைப் போர்த்திவிட்டு, மூடுபனி நாளாகப் பார்த்து இரண்டு சுற்று சுற்றி அழைத்துப் போவேன். அவளை இரை வெட்டச் சொல்லிப் பின்பக்கம் பார்த்து உட்கார வைப்பேன். எங்கேம்மா இருக்கோம் என்று கேட்பாள். கடலில்தான் என்பேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். விவரமான பெண், புரிந்துகொண்டாள் என்று நானும் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

அடுத்த குளிர்காலத்தில் அலிஸ்டர் திட்டத்தோடு வந்து சேர்ந்தார். அதே கூடம், அதே வரைபடம், இந்தத் தடவை வண்ணத்தில். பொட்டு வைத்த வடக்குச் சேறு முழுக்கப் பச்சை. அது காலாகாலத்துக்கும் மீனவர்களுக்கே, சால்மன் வளர்க்கும் ஒரு கூண்டோ குழாயோ கிட்டே வர முடியாது என்றார். கைதட்டுவோம் என்று காத்திருந்தார். யாரும் தட்டவில்லை. பிறகு குச்சியை நகர்த்தி, ஒரு பொட்டுகூட இல்லாத வெள்ளைத் திட்டைக் காட்டினார். இது யாருக்கும் பயன்படாத இடம், அதனால் சால்மன் கூண்டுகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம், யாருக்கும் நஷ்டமில்லை என்றார்.

வேறெங்கே? கெண்டிப் பார்தான். பக்கத்தில் கொரீன் உட்கார்ந்திருந்தாள். பார் போனால் இவளும் அடுத்த விமானத்தில் போய்விடுவாள் என்பது தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஓடவில்லை. சுற்றிப் பார்த்தேன். எங்கள் பக்கம் ஒருத்தன் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தான், ஒருத்தன் மேற்கூரையை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் ஹெட்லி தன் பூட்ஸையே முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முகத்திலும் எழவு விழுந்திருந்தது.

மூஞ்சியைப் பார்த்தே அலிஸ்டருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் இன்றைக்கே சொல்லலாம் என்றார். எங்கேயோ அந்தப் பக்கம் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எடுத்துக்கொள்ள முடியாதாம். யார், எந்த இடம், எத்தனை காலமாக என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டுமாம். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. பொய்யை எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள், அதை வரி பிசகாமல் வண்ணம் தீட்டிக் கொண்டுவந்தவர் அவர்.

அடுத்தவன் சொல்லட்டும் என்று ஆளாளுக்குக் காத்திருந்தோம். கடலே போனாலும் போகட்டும், இடத்தைச் சொன்னேன் என்ற பேர் வேண்டாம் என்கிற வீரம். அந்தத் தொப்பிகளையும் பூட்ஸ்களையும் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன்.

"பொட்டு வெச்சது பொய். அந்தச் சேத்துல ஒரு மண்ணும் கிடையாது. கூண்டு வைக்கப் போறீங்களே, அங்கதான் நான் மீன் பிடிக்கிறேன். எங்கப்பாவும் அங்கதான் பிடிச்சார்."

இடத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியுமா, மிஸஸ் கீப்பிங் என்று கேட்டார் அலிஸ்டர்.

சொன்னேன். படகிலிருந்து பார்த்தால் இந்தத் தேவாலயத்தின் கோபுரம் குட்டை மலையின் பள்ளத்துக்குள் விழ வேண்டும், வலது கைப்பக்கம் கலங்கரை விளக்கு வெள்ளைப் பாறையை மறைக்க வேண்டும், இரண்டும் ஒன்றாகச் சேரும் இடத்தில் நங்கூரம் போட வேண்டும். சொல்லி முடித்தபோது ஊர் நடுவில் துணியில்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது.

ஹெட்லி தொண்டையைக் கனைத்தார். "அவ சொல்றது நிஜம்தான் தம்பி. நானும் அங்கதான் பிடிக்கிறேன்." அவ்வளவுதான், அணை உடைந்தது. எங்கள் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று எழுந்தார்கள். இருட்டோடு போய் விடிவதற்குள் திரும்புகிறவன், மழையில் மட்டும் போகிறவன், ஞாயிற்றுக்கிழமை பூசையை ஏமாற்றிவிட்டுப் போகிறவன், எல்லாரும் அந்த ஒரே பாரைத்தான் இத்தனை காலமாகச் சுரண்டியிருக்கிறோம். அவனவன் தனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்துக்கொண்டு! அலிஸ்டர் வடக்குச் சேற்றுப் பச்சையின் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு, இத்தனை படகுக்கு அந்தப் பார் தாங்காதே என்றார். அந்தப் பையன் சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அதுதான். கூண்டு அங்கே வராது, ஆனால் வலை கூடாது, தூண்டில் மட்டும், மீன் முட்டையிடும் வாரங்களில் யாரும் போகக் கூடாது என்று அன்றைக்கே இரண்டு ஊரும் ஒப்புக்கொண்டோம். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது?

வண்டியில் திரும்பும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்காக அப்பாவின் ரகசியத்தையே ஊருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு வருகிறேன், லேசுப்பட்ட காரியமா?

"பார் எங்க இருக்குன்னு இப்பத் தெரிஞ்சுக்கிட்டியா, கண்ணு? சீசன் ஆரம்பிச்சதும் நீயே ஓட்டு," என்றேன்.

"அது எனக்குப் போன கோடையிலேயே தெரியும்மா. ஹெட்லி மாமாகிட்ட கேட்டேன். கேட்ட உடனே சொல்லிட்டார்."

எதிர்க்கரைக்காரன், ஜென்ம விரோதி. தெரிஞ்சும் ஏன்டி ஒரு வார்த்தை சொல்லலை என்று கேட்டேன்.

"நீயே சொல்லுவேன்னு காத்திருந்தேன்," என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. "எத்தனை தடவை கேட்டேன். கடைசில அந்த ஆபீஸ்காரர்கிட்ட சொன்னே."

உன்னை இங்கேயே வைத்துக்கொள்ளத்தான் சொன்னேன் என்றேன். தெரியும் என்றாள். ஆல்பெர்டாவுக்குப் போக மாட்டேன், பயப்படாதே என்றாள். ஹெட்லி தன் படகில் பாதிப் பங்கு தருகிறாராம். அவருக்கு முதுகுவலி, ஓட்ட ஆள் வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டாளாம், கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே.

சீசன் ஆரம்பித்த அன்று நல்ல வெளிச்சத்தில், மூடுபனியே இல்லாத காலையில் நான் கெண்டிப் பாருக்குப் போனேன். இரண்டு ஊர்ப் படகுகளும் அங்கேதான் நின்றன, திட்டத்தில் சொன்னபடி வரிசையாக, ஒன்றை ஒன்று இடிக்காமல். ஹெட்லி பின்பக்கம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கொரீன் சுக்கான் சக்கரத்தைப் பிடித்தபடி கோபுரத்தையும் கலங்கரை விளக்கையும் மாறி மாறிப் பார்த்து, சரியான இடத்தில் நங்கூரம் போட்டாள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் கையாட்டிவிட்டு, என் இரையை நானே வெட்ட ஆரம்பித்தேன்.