கறுப்புக்கு ஃபாலோ

பரத்வாஜுக்கு அம்மை போட்டதால்தான் எனக்கு ஆட இடம் கிடைத்தது.

தி. நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் பூல் டேபிள் போட்டிருந்தார்கள். தொண்ணூற்று ஏழில் அது புது மோகம். அசோக் நகரில் அறை எடுத்திருந்த நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். சங்கரன்கோவிலிலிருந்து பிழைக்க வந்தவனுக்கு ஞாயிறு ஒரு தண்டனை. பேச ஆள் கிடையாது. மெஸ்ஸில் "இன்னும் கொஞ்சம் ரசம்" என்று கேட்பதுதான் அன்றைய மொத்தப் பேச்சு.

அன்று ஆசிஃப் ஜோடி இல்லாமல் நின்றான். சைதாப்பேட்டைப் பையன், நன்றாக ஆடுவான்.

"சார், நீ ஆடுவியா?"

தலையாட்டினேன். பார்த்தே கற்றுக்கொண்டவன் நான். யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடுமே.

"நல்லா ஆடு. பரத்வாஜ் வர்ற வரிக்கும் வாராவாரம் நீதான் பார்ட்னர்."

அம்மை இறங்கிக் குளித்து அவன் வருவதற்குள் எனக்கு எத்தனை ஞாயிறு தேறும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே குச்சியை எடுத்தேன்.

ஆட்டம் இறுகியது. கோடு போட்ட பந்துகள் எங்களுடையவை. இரண்டு மீதி. எதிரில் ஆடிய மயிலாப்பூர் ஸ்ரீரங்கன் ஜோடிக்கு ஒன்றுதான் மீதி. நான் விட்டால் அவன் முடித்துவிடுவான். எங்கள் பந்தில் ஒன்று நடுப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, குழந்தைகூடப் போடும். இன்னொன்று ஓரத்தில் ஒட்டிக் கிடந்தது. அது போக வேண்டிய மூலைப் பாக்கெட்டின் வாயை அடைத்துக்கொண்டு கறுப்புப் பந்து.

டேபிளைச் சுற்றி வந்தேன். குனிந்தேன். ஒற்றைக் கண்ணை மூடினேன். ஓரப் பந்தை எதிர் மூலைக்கு அனுப்பலாம். மயிரிழை தப்பினாலும் போச்சு. கறுப்பை இடித்து நகர்த்தலாம். அது எங்கே போய் நிற்கும் என்று யார் கண்டது?

"என்ன சார், முகூர்த்தம் பாக்கறேளா?" என்றான் ஸ்ரீரங்கன்.

"பந்து குஞ்சு பொரிக்காது சார், அடி!" என்றான் ஆசிஃப்.

அப்போதுதான் வழி பிடிபட்டது. எவ்வளவு எளிது! அடைத்துக்கொண்டிருப்பதையே முதலில் உள்ளே தள்ளிவிட்டால்?

"பாத்துக்கிட்டே இருங்க தம்பி," என்று சொல்லிவிட்டு அடித்தேன்.

வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் எதையும் செய்ததில்லை. கறுப்பு சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது. அடிக்கிற வெள்ளைப் பந்து திரும்பி வந்து, நடுப் பாக்கெட் பந்துக்கு நேராக நின்றது.

நிமிர்ந்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னேன்: "இப்ப ஃபாலோ!"

அடுத்த அடிக்குக் குனிந்தேன்.

"இன்னா ஃபாலோ?" என்றான் ஆசிஃப்.

"ரெட்டு போட்டா ஃபாலோ போடணும்லா?"

"யோவ், இது இன்னா கேரமா? கறுப்பு கட்சீலதான்யா போவணும்! முன்னாடி போட்டா ஆட்டமே அவுட்டு!"

ஸ்ரீரங்கன் டேபிள்மேல் கவிழ்ந்து சிரித்தான். "சார், போரிக் பவுடர் கொண்டுவரட்டுமா?"

கறுப்பைக் கடைசியில் போடுவதைப் பெஞ்சிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பயந்தாங்கொள்ளிகள், கஷ்டமானதைத் தள்ளிப்போடுகிறார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

படியிறங்கும்போது ஆசிஃப் தோளில் கை வைத்தான். "கோச்சுக்காத சார். அடுத்த வாரம் வேற ஆள பாத்துக்கறேன்."

"சரி," என்றேன்.

இரண்டு படி இறங்கி அவன் நின்றான். "கேரம் மெய்யாலுமே ஆடுவியா?"

"அது ஆடுவேன்."

"எங்கம்மா ஞாயித்துக்கெளம ஆடுவாங்க, பக்கத்து வூட்டு சகினா அக்கா ஜோடிய எதுத்து. எங்கம்மாவுக்குத்தான் பார்ட்னரே நிக்க மாட்டேன்றாங்க. ஒரு காயி வுட்டா போதும், ஏழு தலைமுறைய இஸ்து திட்டுவாங்க."

"தமிழ்லயா, உருதுலயா?"

"ரெண்டுலயும்."

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டேன்.