பென்சிலுக்கு அடியில் ஒரு முகம்

நெகட்டிவை லைட் பாக்ஸில் வைத்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகம் முழுக்கப் பென்சில். நெகட்டிவில் கறுப்பாகத் தீட்டினால் பிரிண்டில் வெளுப்பாக வரும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதற்காக எவனோ ஒரு ஸ்டுடியோக்காரன் அப்போது பத்தொன்பது வயதான மாயக்காள் அம்மாவை எலுமிச்சம்பழ நிறமாக்கியிருந்தான்.

அந்த வயதில் அவருக்கு வேறு படமே கிடையாது. பெரிதாக்கி மாட்ட அலங்காநல்லூரிலிருந்து புருஷனோடு வந்து, மதுரை காளவாசலில் எங்கள் போட்டோ கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

உலர்வாக ஸ்கேன் செய்ததில் கீறல்கள் அத்தனையும் வெள்ளை நூலாக விழுந்தன. கண்ணாடிக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் திரவம் விட்டால்தான் மறையும். எந்தத் திரவம் என்பதில்தான் வில்லங்கம். ஸ்பிரிட் பாதியிலேயே காய்ந்துவிடும். பாரஃபின் எண்ணெய் பென்சிலைத் தொடாது. ஃபிலிமுக்கென்றே விற்கிற திரவம் கீறலை இன்னும் சுத்தமாக மறைக்கும், ஆனால் பென்சிலைப் பிடித்திருக்கும் வார்னிஷைக் கரைத்து, பென்சிலையும் எடுத்துவிடும். பழைய கழிவு நெகட்டிவ்களில் நானே சோதித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். மூன்று வருஷக் கெமிஸ்ட்ரி இதற்காவது உதவட்டும்.

“பாரஃபினே போடும்மா. வந்த மாதிரியே குடுத்துருவோம், நமக்கெதுக்கு வம்பு?” என்றார் முதலாளி ஜுல்பிகர் பாய்.

“மொகம் யாரோடதோ அவங்களக் கேப்போம் பாய்.”

பெஞ்சுக்குப் போய்ப் பட்டென்று சொன்னேன். “அம்மா, ஒங்கள வெள்ளையாக்கியிருக்காய்ங்க. அத எடுத்துரலாம். எடுத்தா திரும்ப வராது. அந்தாளு பென்சிலுக்கு முன்னாடி ஃபிலிமக் கத்தியால சொரண்டியிருந்தான்னா அடியில மொகமே இருக்காது.”

புருஷன் காசிமாயன் சிரித்தார். “முப்பத்தேழு வருசமா கேக்குறேன், படத்துல இருந்த புள்ள எங்கன்னு. பெட்ரோல் ஊத்தித் தொடைங்க, போயிரும்ல?”

“கடையும் சேந்து போயிரும்,” என்றேன்.

மாயக்காள் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த நெகட்டிவையே பார்த்தார். அழித்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த நான், அதை அவர் பக்கம் நீட்டினேன். கோபம் என்னுடையது, முகம் அவருடையது.

“எங்க வீட்ல அப்ப கண்ணாடிகூட கெடையாது தாயி,” என்றார். “நான் எப்படி இருந்தேன்னு நானே பாத்ததில்ல. எடு.”

ஜன்னல்களைத் திறந்து ஃபேனைப் போட்டேன். ஃபிலிம் திரவத்தைச் சொட்டு சொட்டாக விட்டு, பஞ்சால் வருடினேன். பஞ்சு சாம்பல் நிறமானது. காற்றுக்குமிழ் இல்லாமல் கண்ணாடியில் ஒட்டி, ஸ்கேனரை மூடினேன். பாய் மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

படம் மேலிருந்து வரிவரியாக இறங்கியது. கனகாம்பரம். வகிடு. பிறகு நெற்றி, நல்ல கறுப்பில், எண்ணெய் மினுங்க. புருவத்தின் மேல் சின்ன அம்மைத் தழும்பு. கண்கள் யாரையோ முறைத்துக்கொண்டு வந்தன.

காசிமாயன் எழுந்து கிட்டே போனார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“இந்தா, தள்ளி நில்லுங்க,” என்றார் மாயக்காள், கழுத்தை எக்கிக்கொண்டு. “எனக்கு மறைக்குது.”

உதடு இன்னும் வரவில்லை.